குழல் வாய் வழியே மருந்தும் குண்டும் இடித்துச் சுடும் பழைய துப்பாக்கி வாங்குகிறீர்களா? லாக்கை, அதாவது சுடும் பொறியை, கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

போன மாதம் பென்சில்வேனியாவில், லான்காஸ்டர் பக்கம் ஒரு பழம்பொருள் சந்தையில் 3,200 டாலர் கொடுத்து ஏமாந்தேன். இந்தப் பித்துப் பிடித்த நம்மவர்கள் இங்கே இன்னும் சிலர் இருப்பதால் எழுதுகிறேன்.

துப்பாக்கி அழகுதான். வரி வரியாக ஓடும் மேப்பிள் கட்டை, எட்டுப்பட்டைக் குழல். "1810 வாக்கில் செய்தது, சிக்கிமுக்கிக் கல் லாக், எல்லாமே ஒரிஜினல்" என்றார் விற்றவர். பற்றவைக்கும் மருந்தை வைக்கிற சிறு கிண்ணத்துக்குப் பின்னால் மரம் கருகியிருந்ததைப் பார்த்து நானும் மயங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து லாக்கைக் கழற்றினேன். தகட்டின் உட்பக்கம் ஒரு திருகு ஓட்டை. அதை ஒட்டியே, நெல்மணி அகலம் தள்ளி, எப்போதோ அடைத்த பழைய ஓட்டையின் வட்டம். கிண்ணத்தின் அடியில் குண்டூசி முனையளவு குழிகள், புதிதாக வார்த்தது. குழலில், கிண்ணத்து நெருப்பு உள்ளே போகும் தீத்துளையைச் சுற்றிச் சுண்டுவிரல் அகலத்துக்கு மெல்லிய வளையக் கோடு. வருஷக்கணக்கில் நெருப்பு பட்டு அரித்திருக்க வேண்டிய இரும்பு வழவழவென்று இருந்தது. கருகிய மரத்தை ஈரப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு பழுப்பாகிவிட்டது, வெறும் சாயம்!

நடந்தது இதுதான். 1820களுக்குப் பிறகு, கல்லுக்குப் பதிலாக, அடித்தால் வெடித்துத் தீ தரும் சிறு மூடியான கேப் பரவியபோது, பலர் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, தீத்துளையைப் பெரிதாக்கி, கேப் மாட்டும் உருளையை அதில் முடுக்கினார்கள். என் துப்பாக்கியும் அப்படி மாறியதுதான். கல் லாக்குக்குத்தான் விலை என்பதால், பின்னால் யாரோ அந்த ஓட்டையை அடைத்து, சிறிய துளை போட்டு, புதுக் கிண்ணமும், கல்லைக் கவ்வி அடிக்கும் குதிரையும் வைத்துவிட்டார்கள். மாற்றியது தப்பில்லை. சொல்லிவிட்டு, அதற்கேற்ற விலைக்கு விற்றிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை.

விற்பவர் லாக்கைக் கழற்ற விடமாட்டேன் என்றால் நகர்ந்துவிடுங்கள். "லாக் மாற்றப்படாதது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். அப்புறம் இன்னொன்று: கையில் எடுத்ததும் குழலுக்குள் கம்பியை விட்டு ஆழத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து மருந்தும் குண்டும் உள்ளேயே கிடக்கும் துப்பாக்கிகள் இன்றும் கிடைக்கின்றன.

விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரசீதைப் பாருங்கள்" என்றார். எடுத்துப் பார்த்தேன். "பழைய துப்பாக்கி, 1" என்று மட்டும் இருந்தது.