"3000 ஸ்டால்" என்று விற்ற டார்க் கன்வெர்ட்டர்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கார் 1971 செவ்ரொலெட் நோவா. 350 கன அங்குல இன்ஜின், டிஎச்350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின் ஆக்சில் ரேஷியோ 3.73, டயர் உயரம் 26 அங்குலம். வாரநாளில் ரோட்டிலும் வாரக்கடைசியில் கால் மைல் ரேஸ் ஸ்ட்ரிப்பிலும் ஓடும் வண்டி. "10 அங்குலம், புதுசு, 3000 ஸ்டால்" என்று சொல்லி இதற்கு ஒரு கடை டார்க் கன்வெர்ட்டர் விற்றது. இன்ஜினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் மூலம் சக்தியைக் கடத்தும் பாகம் இது. வண்டி நகராத நிலையில் இன்ஜின் எட்டக்கூடிய அதிகபட்ச ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) தான் ஸ்டால். மாட்டிய பிறகு, நின்ற இடத்திலிருந்து முழுசாக மிதித்தால் டாக்கோமீட்டர் முள் 2300ஐத் தாண்டவில்லை. புகார் சொன்னதற்குக் கடையிலிருந்து வந்த பதில்: "உங்க இன்ஜின்ல டார்க் பத்தாது சார்."

இந்தப் பதிலில் பாதி உண்மை. அதனால்தான் பலரும் இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். கன்வெர்ட்டருக்கென்று தனியாக ஒரு ஸ்டால் எண் கிடையாது. இன்ஜின் டார்க் (முறுக்கு விசை) கூடினால் ஸ்டாலும் கூடும், குறைந்தால் குறையும். ஆனால் அது டார்க்கின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுவதால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 400 அடி-பவுண்டு இன்ஜினில் 3000 தரும் கன்வெர்ட்டர், இந்தக் காரின் 330 அடி-பவுண்டுக்கு ஏறக்குறைய 2725 தர வேண்டும். 2300க்கு இன்ஜினைக் குறை சொல்ல வழியே இல்லை.

அளக்கும்போதும் ஏமாறலாம். பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரை ஏற்றினால் வரும் எண் உண்மையான ஸ்டால் அல்ல. கொஞ்சம் வலுவான இன்ஜின் என்றால் அதற்கு முன்பே பின்சக்கரம் பிரேக்கை மீறிச் சுழன்றுவிடும். டயர் பிடிக்கும் தரையில் ஐடிலிலிருந்து ஒரே மிதி மிதித்து, முள் எந்த இடத்துக்குத் தாவி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். டயர் வழுக்கினால் அந்த அளவு செல்லாது.

அடுத்த சோதனை ஸ்ட்ரிப்பின் கடைசியில். மைல் வேகத்தை ஆக்சில் ரேஷியோவாலும் 336ஆலும் பெருக்கி, டயர் உயரத்தால் வகுத்தால், டாப் கியரில் நழுவலே (கன்வெர்ட்டருக்குள் இன்ஜின் சுற்றும் அளவுக்குக் கியர்பாக்ஸ் சுற்றாமல் பின்தங்குவது) இல்லாதபோது இருக்க வேண்டிய ஆர்பிஎம் வரும். 98 மைல் வேகத்துக்கு இந்தக் காரில் அது 4724. டாக்கோமீட்டர் காட்டியது 5500. அதாவது 14 சதவீதம் நழுவல். இப்படிப்பட்ட காருக்கு நல்ல கன்வெர்ட்டர் என்றால் ஒற்றை இலக்கத்தில் நிற்க வேண்டும். கிளம்பும்போது ஸ்டாலும் இல்லை, மேல் வேகத்தில் பிடிப்பும் இல்லை என்றால் உள்ளே வேலை சரியில்லை என்று முடிவு செய்துவிடலாம்.

கழற்றி, வேறொரு கன்வெர்ட்டர் பட்டறையில் லேத்தில் வெல்டை அறுத்துப் பார்த்ததில் விஷயம் வெளிவந்தது. 10 அங்குலம் என்று சொன்னது, சுமார் 12 அங்குலப் பழைய கம்பெனி ஹவுசிங்கை மணலடித்துப் பெயிண்ட் பூசியது. இம்பெல்லரின் (இன்ஜினோடு சுற்றி ஆயிலைத் தள்ளும் பாகம்) தகடுகளைக் குறடால் வளைத்திருந்தார்கள், அதுவும் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை. பிரேசிங் (உலோகத்தை உருக்கி ஊற்றி ஒட்டுவது) செய்யாததால் விரலால் தொட்டாலே இரண்டு தகடுகள் ஆடின. நீடில் பேரிங் (மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்) இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் வாஷர். வாங்கிய அன்றே டேப்பால் விட்டத்தை அளந்திருந்தால் முதல் பொய் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

காரின் எடை, ஆக்சில் ரேஷியோ, டயர் உயரம், கேமின் டியூரேஷன் (வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்ற அளவு, 0.050 அங்குல லிஃப்டில்), டார்க் உச்சம் எந்த ஆர்பிஎம்மில், நைட்ரஸ் (கூடுதல் சக்திக்காக இன்ஜினில் செலுத்தும் வாயு) உண்டா, இதையெல்லாம் கேட்காமல் ஸ்டால் எண் சொல்லும் கடையில் வாங்காதீர்கள். பில்லில் நான்கு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: விட்டம், தகடுகள் ஃபர்னஸ் பிரேசிங் செய்தவையா, நீடில் பேரிங்கா, எத்தனை அடி-பவுண்டில் எத்தனை ஸ்டால். கடைசியைச் சொல்லத் தயங்குபவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம். பழைய கன்வெர்ட்டருக்குக் கோர் டெபாசிட் (பழையதைத் திருப்பித் தரும்வரை கடை பிடித்துவைக்கும் பணம்) கட்டினால், திருப்பிக் கொடுக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நோவா விஷயத்தில் "விரிசல் இருக்கு" என்று சொல்லி அந்தப் பணத்தையும் பிடித்துக்கொண்டார்கள்.

எண் பெரிசாக இருந்தால் நல்லது என்று ரோட்டில் ஓடும் காருக்கு 4000 ஸ்டால் தலையில் கட்டுபவர்களும் உண்டு. 3.73 ஆக்சிலில் இந்தக் கார் 65 மைல் வேகத்தில் சுமார் 3130 ஆர்பிஎம்மில் போகும். ஸ்டால் அதைவிட மிக உயரமாக இருந்தால் மேட்டில் ஏறும்போதெல்லாம் நழுவும், நழுவலெல்லாம் ஆயிலில் சூடாக இறங்கும். 175 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கவலையில்லை. 240ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தால் ஆயிலும் சீலும் கிளட்சும் சீக்கிரம் போய்விடும். ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலரும் ஒரு டெம்பரேச்சர் கேஜும் கட்டாயம் வேண்டும்.

மாட்டும்போது செய்யும் தவற்றைச் சாக்காக வைத்து வாரன்டி மறுக்கப்படுவது உண்டு. முதலில் கன்வெர்ட்டருக்குள் ஒரு குவார்ட் (சுமார் ஒரு லிட்டர்) ஆயில் ஊற்றிக்கொள்ளுங்கள். அதைச் சுழற்றித் தள்ளினால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் சப்போர்ட், பம்ப் என்று வரிசையாக இறங்கி உட்காரும். கியர்பாக்ஸை இன்ஜினோடு போல்ட் போட்ட பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுழல வேண்டும். அதை முன்னால் இழுத்து ஃபிளெக்ஸ் பிளேட்டை (இன்ஜின் கிராங்கில் மாட்டிய தகடு) தொட 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்டை முறுக்கினால் பம்ப் உடையும், இல்லையேல் கிராங்கின் திரஸ்ட் பேரிங் தேயும். அதிகமாக இருந்தால் கெட்டியான வாஷர் போட்டுச் சரிசெய்யுங்கள். இந்த இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள், வாரன்டி சண்டையில் கை கொடுக்கும்.

மோசமான கன்வெர்ட்டர் உள்ளே உடைந்திருந்தால் இரும்புத் தூள் கூலருக்குள் போயிருக்கும். புதுசை மாட்டும் முன் கூலரை மாற்றிவிடுங்கள், லைன்களை அலசுங்கள், கியர்பாக்ஸின் ஆயில் பான், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், அறுத்த துண்டுகளின் போட்டோவையும் பில்லையும் சேர்த்து வங்கியில் உடனே டிஸ்ப்யூட் (பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்) போடுங்கள். அறுக்கும் முன்பே விட்டத்தையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்துவிடுங்கள், அறுத்த பிறகு அது தங்கள் சரக்கே இல்லை என்பார்கள்.