டி-55 டாங்கியும் தொங்க மறுத்த பெல்ட்டும்: இரண்டு வருட அனுபவம்

சித்திரை மாதம் மச்சினன் தென்காசியிலிருந்து போன் போட்டான். "அத்தான், நீங்க ஒரு டேங்க் ஒட்டி பெயின்ட் அடிச்சியள்லா, அது மாதிரி நம்ம பயலுக்கு லீவுக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு பாக்கேன். நல்லா இருக்குமா?"

முந்தின நாள் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். அன்று காலையில்தான் அலமாரியைத் துடைக்கப் போய், நான் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்த டி-55 டாங்கி மாதிரியின் இடது பக்க டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை, அறுந்து கிடந்ததைப் பார்த்திருந்தேன். இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி. போனில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பழுது பார்த்து முடித்து இப்போது எழுதுகிறேன்.

எந்தக் கம்பெனி கிட் (ஒட்டிச் செய்யும் துண்டுகள் அடங்கிய பெட்டி) என்று சொல்லப் போவதில்லை. அதில் டிராக்காக வந்தது ஒரு வினைல் பெல்ட், இதே மாதிரி பெல்ட் வேறு பல கம்பெனிகளின் பெட்டிகளிலும் வருகிறது. ஒன்றுக்கு முப்பத்தைந்து அளவு. திருநெல்வேலி டவுனிலும் ஜங்ஷனிலும் பொம்மைக் கடைகளில் விசாரித்துக் கிடைக்காமல், சென்னையிலிருந்து கூரியரில் வரவழைத்தேன். அன்றைய விலை 2,600 ரூபாய். பெயின்ட், பிரஷ், பசை எல்லாம் தனி.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் ஜெர்மன் டைகர் டாங்கியை வாங்குகிறார்கள். எனக்கு நம் ஆட்கள் ஏறி உட்கார்ந்த வண்டி வேண்டும் என்று இருந்தது. ஆவடியில் செய்த விஜயந்தாவைத்தான் முதலில் தேடினேன், எனக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கவில்லை. டி-55 ரஷ்ய வண்டிதான். ஆனால் 1971 போரில் சாம்ப் பகுதியில் நம் படை அதை ஓட்டியிருக்கிறது. எதிர்ப்பக்கம் பாகிஸ்தான் ஓட்டியது சீனாவில் செய்த டைப் 59. அதுவும் இந்தக் குடும்பத்து வண்டி என்பதால் தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். சொந்த ஆளையே சுட்டுவிடக் கூடாது என்று நம்மவர்கள் பீரங்கிக் குழலின் நடுவில் ஒரு போலிப் புடைப்பைப் பொருத்தினார்கள். கிட்டில் அது கிடையாது. பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை மெல்லிய பட்டையாக வெட்டி, குழலில் சுற்றிச் சுற்றிப் புடைப்பாக்கி, மேலே புட்டி தடவி உப்புத்தாளால் தேய்த்தேன். ஒரு சாயங்காலம் பிடித்தது. பெட்டியில் ரஷ்ய வண்டியாக வந்தது, அந்தப் புடைப்பு ஏறியதும் என் கண்ணுக்கு நம் வண்டியாகிவிட்டது. இந்தப் பொழுதுபோக்கில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

உடம்புப் பகுதியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நிஜ வண்டி குழலோடு சேர்த்து 9 மீட்டர், மாதிரி கிட்டத்தட்ட 26 சென்டிமீட்டர். கவிழ்த்து வைத்த சட்டி போல இருக்கும் டரட்டின் (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி) இரண்டு பாதிகளும் முடி நுழைய இடமில்லாமல் சேர்ந்தன. டமியா என்ற ஜப்பான் கம்பெனியின் பச்சை மூடி மெல்லிய பசை இதற்கு அருமை. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, பிரஷ் நுனியால் இணைப்பில் ஒரு தொடு தொட்டால் போதும். பசை தானாக ஓரம் பூராவும் ஓடிவிடும். பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்து ஒன்றோடு ஒன்று சேர்த்துவிடுகிறது. முதல் தடவை அது ஓடுவதைப் பார்த்தபோது வேலையை நிறுத்திவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை முடித்து பெரியப்பாவிடம் காட்டினேன். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். டாங்கியில் வேலை பார்த்ததில்லை, ஆனால் பக்கத்தில் நின்று ஓட்டம் பார்த்தவர். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரிதாம்லே. ஆனா டிராக்கு இப்படி விறைச்சுக்கிட்டு நிக்காது. மேல உள்ளது சக்கரத்து மேல படுத்துக் கெடக்கும்" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது இந்தத் தொல்லை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சில டாங்கிகளில் டிராக்கின் மேல் பகுதியைத் தாங்க மேலே தனியாகச் சின்ன உருளைகள் இருக்கும். டி-55-இல் அவை இல்லை. பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம், முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஓர் அகலமான இடைவெளி. டிராக் இரும்பு, அதன் கனத்துக்கு அது சக்கரங்களின் தலையில் படிந்து, அந்த இடைவெளியில் துணி காயப்போட்ட கொடி போலத் தொய்ந்து நிற்கும். டி-55-ஐ அடையாளம் காட்டுகிறவற்றில் அந்தத் தொய்வும் ஒன்று. பெட்டியில் வந்த வினைல் பெல்ட்டுக்குக் கனமே இல்லை. வடம் பிடித்த மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது.

செய்யாத வித்தை இல்லை. சூப்பர் குளூ வைத்துச் சக்கரத்தோடு ஒட்டினேன். பிடித்த மாதிரி இருந்து இரண்டாம் நாள் விட்டுவிட்டது. பஞ்சை உருட்டி டிராக்குக்கும் மட்கார்டுக்கும் நடுவில் திணித்து அழுத்தினேன். படிந்தது, ஆனால் பக்கவாட்டில் பஞ்சு தெரிந்தது. அழுத்திய இடத்தில் பெயின்ட் உரிந்தது. வளைகிற பொருளின் மேல் பெயின்ட் எத்தனை நாள் நிற்கும்? கடைசியில் சக்கரங்களுக்கு மேலே உடம்பில் துளை போட்டு, குண்டூசியைக் குறுக்கே செருகிக் கீழே அமுக்கி நிறுத்தினேன். ஒரு மாதிரி தொங்கியது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் கண் அந்த இடத்துக்குத்தான் போகும்.

அப்படி அமுக்கி வைத்ததுதான் இந்தச் சித்திரை வெயிலில் அறுந்தது. அறுந்த இடம் இணைப்பு. பெல்ட்டின் ஒரு முனையில் இருக்கும் இரண்டு முளைகளை மறுமுனைத் துளைகளில் செருகி, மெழுகுவர்த்தியில் சூடாக்கிய ஸ்க்ரூடிரைவரால் முளைத் தலையை நசுக்க வேண்டும். அதைச் சரியாகத்தான் செய்திருந்தேன். ஆனால் இரண்டு வருடத்தில் வினைல் இறுகிவிட்டது. வினைலை வளைய வைப்பது அதில் கலந்திருக்கும் எண்ணெய் மாதிரியான ஒரு பொருள். அது நாளாவட்டத்தில் வெளியே கசிகிறது. கசிந்தால் பெல்ட் விறைக்கும், சுருங்கும். அதோடு போவதில்லை. கசிந்தது பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கும். பெல்ட்டைக் கழற்றியபோது இரண்டு சக்கரத்தின் விளிம்பு, மழைக்காலத்தில் மூடாமல் வைத்த கருப்பட்டி போலப் பிசுபிசுத்துக் கிடந்தது. டிராக்கின் பல் அச்சு அதில் அப்படியே பதிந்திருந்தது.

இதில் என் தப்பும் உண்டு. டிராக் மூடும் இடம்தானே என்று சக்கர விளிம்பில் பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தேன். அடித்து, மேலே வார்னிஷ் பூசியிருந்தால் அது நடுவில் ஒரு தடுப்பாக இருந்திருக்கும். ஆனால் இதைப் பெட்டிக்குள் இருந்த செய்முறைத் தாளில் ஒரு வரி போட்டிருக்க வேண்டாமா? டரட்டை அவ்வளவு நுணுக்கமாக அச்சு வார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? புதிதாகச் செய்கிறவன் எங்கே போய்த் தெரிந்துகொள்வான்?

இடது பக்கத்துக்குத் தனித்தனிக் கண்ணியாக வரும் பிளாஸ்டிக் டிராக் வாங்கினேன். ஒரு பக்கத்துக்கே கிட்டத்தட்ட 90 கண்ணி. ஒவ்வொன்றையும் அது ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் ஃபிரேமிலிருந்து நறுக்கி, நறுக்கிய தழும்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். நகவெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் வெளுத்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சின்ன கட்டர்தான் சரி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பதினோரு நாள் ஆயிற்று. வரிசையாக அடுக்கிப் பசை தொட்டு, அரை மணி நேரம் விட்டால் பசை பாதி இறுகியிருக்கும். அந்தப் பதத்தில் டிராக் துணி மாதிரி வளையும். சக்கரத்தைச் சுற்றிப் போட்டு, மேலே ஒரு விரலால் மெதுவாக அமுக்கினேன். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் தொய்ந்தது. விடிந்து பார்த்தபோது அப்படியே இறுகி நின்றது.

பெயின்ட் பற்றி, நம் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம். அக்ரிலிக்கைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. ஆனி ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து அடிக்கும் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்தால் பெயின்ட் பிரஷ் நுனியிலேயே காய்ந்துவிடும், தூசியும் வந்து ஒட்டும். அரைக் கிலோ அல்வா வாங்கும்போது வரும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு போட்டு, மேலே புது பட்டர் பேப்பர் விரித்து அதில் பெயின்டை வைத்துக்கொண்டால் ராத்திரி முழுக்கக் காயாது. ஐப்பசி மழையில் மேட் வார்னிஷ் ஸ்பிரே பக்கமே போகாதீர்கள். என் டரட் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்தது, வெயில் நாளில் மறுபடி ஒரு பூச்சு கொடுத்துத்தான் ஓரளவு சரிப்பட்டது.

சேற்றுக்குக் கடைப் பவுடர் வாங்க வேண்டாம். முதலில் மணலைப் போட்டுப் பார்த்தேன், தப்பாகத் தெரிந்தது. அரை மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் 17.5 மில்லிமீட்டர் ஜல்லி. அதனால் தாமிரபரணிக் கரை வண்டலை வெயிலில் காயவைத்து, பொடித்து, மல் துணியில் இரண்டு தடவை சலித்துப் பூசினேன். பின்னால் கட்டும் மரக்கட்டைக்குக் கிட்டில் வந்த பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு, எங்கள் வாசல் வேம்பின் காய்ந்த குச்சியையே வைத்தேன். டரட்டின் பின்னால் பாய்ச் சுருளாக இருப்பது பத்தமடைப் பாயின் ஓரத்துண்டு. அந்தக் கோரை அவ்வளவு மெல்லியது, அளவுக்குச் சரியாக உட்கார்ந்தது.

இப்போது மச்சினனுக்குப் பதில். மாப்ளே, இந்தக் கிட்டை வாங்காதே. உடம்பு நல்லா இருக்கு, டரட் அருமை, விலையும் அதிகம் சொல்ல முடியாது, எல்லாம் நானே எழுதியிருக்கேன். இருந்தாலும் வாங்காதே. பன்னிரண்டு வயசுப் பயல் ஒரு லீவு பூரா உட்கார்ந்து செய்தது அலமாரியில் தானாக அறுந்து விழுந்தால் அவன் மறுபடி பிளேடைக் கையில் எடுக்க மாட்டான். பெட்டியிலேயே கண்ணி டிராக் வருகிற வண்டி எதுவானாலும் சரி, 500 ரூபாய் கூடப் போனாலும் அதை வாங்கு.

என் வண்டியின் வலது பக்கத்தில் இன்னும் பழைய பெல்ட்தான் இருக்கிறது. அறுந்து போகவில்லை, ஆனால் தொட்டால் விறைப்பு தெரிகிறது. அதற்கான கண்ணிகளை ஃபிரேமோடு எடுத்து வைத்திருக்கிறேன். ஆனித் தேரோட்டத்துக்கு வரும்போது பயலைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் முன்னாடியே வா. அந்தப் பக்கத்தை அவன் நறுக்கட்டும்.