லீவில் ஊருக்கு வந்து பின் ஆக்ஸில் சீல் மாற்றுவோருக்கு

மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டியை ஊருக்கு வந்ததும் எடுத்து ஓட்டினால், பின் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிவது அடிக்கடி நடப்பதுதான். நின்றே கிடந்ததில், ஆக்ஸிலுக்குள் இருக்கும் எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலின் ரப்பர் உதடு காய்ந்து இறுகியிருக்கும். வழிவது எது என்று முதலில் பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். தண்ணீர்போல் ஓடினால் பிரேக் ஆயில். அது வீல் சிலிண்டர் கோளாறு, வேறு வேலை.

ஒர்க்ஷாப்பில் "சீல் போயிடுச்சு, மாத்திடலாம்" என்பார்கள். ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றினால், நீங்கள் விமானம் ஏறுவதற்குள் மறுபடி ஒழுகும். ஆக்ஸில் மேலுள்ள பிரீதர் (உள்ளே விரியும் காற்று வெளியேறும் சிறு துளை) சேற்றில் அடைத்திருந்தால், சூடாகி விரியும் காற்று எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். அளவுக்கு மேல் ஊற்றிய எண்ணெயும் அப்படியே. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, புதுச் சீலும் நிற்காது.

லீவு நாட்கள் எண்ணி வருவதால், வண்டியைப் பிரிக்கும் முன்பே சாமான் கையில் இருக்கட்டும்: இரு பக்கத்துக்கும் சீல், பேரிங், பேரிங்கை ஷாஃப்டில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) இறுக்கிப் பிடிக்கும் வளையமான காலர், பிரேக் லைனிங் (ட்ரம்மில் உரசும் பிரேக் கட்டை) ஒரு செட், கியர் ஆயில். காலரைக் கழற்ற அதைக் கிரைண்டரால் பாதி வெட்டி, உளியால் பிளப்பார்கள். அதனால் பழையதைத் திரும்பப் போட முடியாது. வெட்டு ஷாஃப்டில் படவே கூடாது. புதியதைச் சுத்தியால் அடித்து ஏற்ற விடாதீர்கள், அழுத்தி ஏற்றும் இயந்திரமான பிரஸ் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஷாஃப்டின் உள்முனையை சி-கிளிப் (C வடிவ வளையம்) பிடித்திருக்கும் வண்டிகளில் காலர் கிடையாது. ஆக்ஸில் நடுவிலுள்ள கியர் பகுதியான டிஃபரன்ஷியலின் மூடியைத் திறந்துதான் ஷாஃப்டை உருவ வேண்டும்.

சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் அதன் மேல் மெல்லிய ஸ்லீவ் (உலோக உறை) போடலாம், அது முடியாவிட்டால் ஷாஃப்டையே மாற்ற வேண்டும். ஸ்பிரிங் உள்ள உதடு எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் குழாயை வைத்துச் சரியாமல் இறக்க வேண்டும். பெரும்பாலான புதுச் சீல்கள் கிழிவது ஷாஃப்டைத் திரும்ப நுழைக்கும்போதுதான்: ஷாஃப்ட் நுனியிலுள்ள ஸ்ப்ளைன் பற்கள் உதட்டில் உரசிவிடும். இருவர் பிடித்து, ஷாஃப்டைத் தாங்கியபடி நேராகத் தள்ளினால் பிழைக்கும்.

எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ போடுவதற்குச் சம்மதிக்காதீர்கள். சூடானதும் எண்ணெய் மறுபடி கசிந்து, பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

கியர் ஆயில் மாற்றும்போது ஊற்றும் திருகை முதலில் கழற்றச் சொல்லுங்கள். அது துருவில் இறுகியிருந்து, கீழ்த் திருகைத் திறந்து எண்ணெயை இறக்கிவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். இறங்கும் எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது பிரீதருக்கு நீளக் குழாய் போட்டு உயரத்தில் கட்டுங்கள். வண்டிக் கையேடு சொல்லும் ரகத்தை, பல வண்டிகளுக்கு அது ஜிஎல்-5 80டபிள்யூ-90 (கியர் ஆயிலின் தரமும் கெட்டித்தன்மையும்), சமதரையில் நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கும்வரை ஊற்றினால் போதும். 20 கிலோமீட்டர் ஓட்டித் திரும்பி, இரு ட்ரம்மும் ஒரே சூட்டில் இருக்கின்றனவா, உட்புறம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை ஒர்க்ஷாப்பிலிருந்து எடுங்கள்.