ஆர்க்கிட்டுக்கு உர ஸ்ப்ரே: கிருஷ்ணகிரி வெயிலில் சில வருட அனுபவம்

கிருஷ்ணகிரி டவுனில், மொட்டை மாடியில் பச்சை வலை கட்டி டென்ட்ரோபியம், ஃபலனாப்சிஸ், வாண்டா என்ற மூன்று வகை ஆர்க்கிட்களை வளர்க்கிறேன். சில வருடங்களாக இவற்றுக்கு உரம் கொடுப்பது பெரும்பாலும் ஸ்ப்ரேயில்தான். தொட்டியில்லாமல் வேர் காற்றில் தொங்கும் வாண்டாவுக்கு அது முழுச் சாப்பாடு. தொட்டியில் இருப்பவற்றுக்குப் பாதிச் சாப்பாடு. இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் ஒரு பாட்டிலை வாங்கி இலை மேல் அடித்துவிட்டு, செடி அப்படியே நிற்கிறதே என்று வருத்தப்படுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உரத்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். நம் மாவட்டத்திலும் தருமபுரியிலும் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். சோப்பு நுரைக்காது, காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளை படியும். ஃபுளோரைடு தொல்லை தாங்காமல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் அது திறக்கப்பட்டது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும். அதில் உரத்தைக் கரைத்தால் உப்பின் மேல் உப்புதான் ஏறும். இந்த வகை ஆர்க்கிட் காட்டில் மரத்தின் மேல் வளர்கிற செடி. மழையும், மரப்பட்டையில் வழிந்து வரும் கொஞ்சநஞ்சச் சத்தும்தான் அதற்குக் கிடைப்பது. போர் தண்ணீரிலேயே தொடர்ந்து ஸ்ப்ரே அடிக்கும் வீடுகளில் மண்தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளைப் படலம் கட்டியிருப்பதையும், வேர் நுனி கருகியிருப்பதையும் பார்க்கலாம். உரம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து உரத்தைக் குறைப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்.

நான் மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கிறேன். கோடை மழையும் ஐப்பசி மழையும் கைகொடுக்கும். தீர்ந்துவிட்டால் ஆர்ஓ தண்ணீர். அந்த மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று அதைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

அடுத்தது உரம். ஆர்க்கிட் படம் போட்டு, 'அப்படியே அடிக்கலாம்' என்று விற்கும் சின்ன ஸ்ப்ரே பாட்டில் ஒன்றில்தான் நானும் ஆரம்பித்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. செடிக்கு அது கெடுதல் எதுவும் செய்யவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு தண்ணீர்தான், சத்து எத்தனை சதவீதம் என்றுகூட லேபிளில் போடவில்லை. இரண்டு மூன்று செடி வைத்திருப்பவர்களுக்குப் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் கட்டுப்படியாகாது.

உரக்கடையில் 19:19:19 கேட்டேன், நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் மூன்றும் 19 சதவீதம் வீதம் உள்ள, தண்ணீரில் கரையும் உரம். ராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக்கும், ஓசூர்ப் பக்கம் ரோஜாவுக்கும் போகிற அதே உரம்தான். கடைக்காரத் தம்பி, "எத்தனை ஏக்கர்க்கா?" என்று கேட்டார். "மாடியில ஆர்க்கிட் தம்பி" என்றேன். "அப்போ பையில போட்டிருக்கிற அளவைப் பார்க்காதீங்க, ரொம்பக் கம்மியா போடுங்க" என்றார். சரியான யோசனை. வயலுக்கு லிட்டருக்குச் சில கிராம் கணக்கு. நான் போடுவது லிட்டருக்கு அரை கிராம். அதிலேயே நைட்ரஜன் சுமார் 95 பிபிஎம் (லிட்டருக்கு 95 மில்லிகிராம்) வந்துவிடுகிறது, வாரம் ஒரு முறை அடிக்க அது தாராளம். ஸ்பூன் கணக்கு வேண்டாம், நகை நிறுக்கும் குட்டித் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பை வருடக்கணக்கில் வரும், காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: எங்கே அடிப்பது?

வாண்டா வேரைக் கிட்டே வைத்துப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளி மாதிரி வெளிறி, தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். அதன் மேல் ஒரு விசிறு விசிறினால், துளி பட்ட இடம் மட்டும் முதலில் புள்ளி புள்ளியாகப் பச்சையாகும். அடுத்த விசிறில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேரும். கொஞ்ச நேரத்தில் வேர் முழுக்கப் பச்சை, நடுநடுவே சில வெள்ளைக் கோடுகள் மட்டும் மிஞ்சும். வேரைச் சுற்றி வேலமன் என்று ஒரு பஞ்சு உறை இருக்கிறது. அதிலுள்ள செத்த செல்களில் காய்ந்த நேரத்தில் காற்று நிரம்பியிருப்பதால்தான் அந்த வெள்ளி நிறம். தண்ணீர் ஏறியதும் உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரிகிறது. காய்ந்த வேலமன் தன் மேல் முதலில் படும் தண்ணீரைச் சட்டென்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நிரம்பிய பிறகு எதை அடித்தாலும் பெரும்பாலும் கீழே வழிந்து போகும். காட்டில் மழையின் முதல் தூறலோடு இலையிலும் பட்டையிலும் சேர்ந்திருந்த சத்து கழுவி இறங்கும், அதைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

அதனால் உரம் அடிக்கும் நாளில் வாண்டாவுக்கு முதல் தண்ணீரே உரத் தண்ணீர்தான். முதலில் நன்றாக நனைத்துவிட்டு உரம் அடியுங்கள் என்று பலர் சொல்வார்கள். உரம் கெட்டியாக இருந்தால் அது நியாயம், வேர் கருகாமல் காக்கும். அரை கிராம் கரைசலுக்கு அது தேவைப்படவில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் லேசாக ஒரு முறை வெறும் தண்ணீர் விசிறிவிட்டு அடிக்கிறேன்.

இலைக்கு அடிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஃபலனாப்சிஸ் இலையின் மேல்புறம் மெழுகுப் பூச்சு, நாம் அடிப்பது உருண்டு ஓடிவிடும். இலை மூச்சுவிடும் துளைகள் பெரும்பாலும் இலையின் அடிப்புறம், அவையும் முக்கியமாக இரவில்தான் திறக்கும். அதற்காக ராத்திரியில் போய் அடிக்கக் கூடாது. நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் அழுகல் வந்து செடியே போய்விடும், அதிலும் கார்த்திகை மாதத்து ஈரக் காற்றில் சொல்லவே வேண்டாம். காலை வெயில் ஏறுவதற்குள் அடித்துவிடுவேன், குருத்தில் தேங்கியதை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துவிடுவேன்.

தொட்டிச் செடிகளில்தான் ஸ்ப்ரேயின் குறை தெரியும். கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்ட தொட்டியில் மேலாக அடிக்கும் சாரல் மேல் அடுக்கோடு நின்றுவிடும். பங்குனி காற்றில் அதுவும் சில நிமிடங்களில் காய்ந்து, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். ஆகவே டென்ட்ரோபியத்துக்கும் ஃபலனாப்சிஸுக்கும் ஸ்ப்ரேயோடு அதே கரைசலை அடியில் வழியும் வரை ஊற்றியும் கொடுக்கிறேன். மாதம் ஒரு முறை உரமில்லாத மழைத்தண்ணீரால் தொட்டியை நன்றாக அலசிவிட வேண்டும். மரக்கட்டையில் கட்டிய செடிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றுக்கு ஸ்ப்ரே போதும்.

மழைத்தண்ணீரிலும் ஆர்ஓ தண்ணீரிலும் கால்சியம் கிட்டத்தட்ட கிடையாது. அதனால் இடையில் ஒரு வாரம் 19:19:19க்குப் பதில் கால்சியம் நைட்ரேட் அடிக்கிறேன், இதுவும் அரை கிராம்தான். இரண்டையும் ஒரே டேங்கில் கலக்க வேண்டாம். 19:19:19இல் உள்ள பாஸ்பேட்டோடு கால்சியம் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும், நாசில் அடைக்கும். இரண்டு லிட்டர் பிரஷர் ஸ்ப்ரேயர் தாராளம். அடித்து முடித்ததும் வெறும் தண்ணீர் விட்டு ஒரு முறை பம்ப் அடித்துவிட்டால் நாசில் நீண்ட நாள் உழைக்கும். களைக்கொல்லி அடித்த டேங்கை எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்கவே கூடாது.

பலன் என்று பார்த்தால், டென்ட்ரோபியத்தில் புதுத் தண்டுகள் பழைய தண்டுகளைவிடப் பருமனாக வருகின்றன. வாண்டா வேர்களின் பச்சை நுனி நீளமாக, ஓய்வில்லாமல் வளர்கிறது. எனக்கு அதைப் பார்ப்பதே பெரிய சந்தோஷம். பூ விஷயத்தில் மட்டும் ஸ்ப்ரேக்குப் பெருமை தர மாட்டேன். பூக்க வைக்கும் உரம் என்று, நைட்ரஜன் இல்லாமல் பாஸ்பேட்டும் பொட்டாஷும் மட்டும் உள்ள 0:52:34 அடித்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விட, சில வாரங்களாவது வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மார்கழிக் குளிர் அந்த வேலையைச் செய்கிறது. டென்ட்ரோபியத்துக்கு வெளிச்சம்தான் பிரதானம். வலையை ஒரு பக்கம் விலக்கிக் காலை வெயில் படவிட்ட பிறகுதான் என்னிடம் ஒழுங்காகப் பூத்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஓசூர்ப் பக்க நர்சரிகளில் டென்ட்ரோபியம் வாங்கித் தொடங்குங்கள். வாண்டா அழகுதான், ஆனால் நம் கோடையில் உரம் போக தினமும் இரண்டு வேளை வெறும் தண்ணீர் அடிக்க வேண்டும். வேர் சுருங்கினால் வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி வைக்கவும் வேண்டும். இரண்டு நாள் ஊருக்குப் போனாலும் அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.