எபிடெர்ம் செயற்கைத் தோல்: முயலை விட்டு இதற்கு மாறி மூன்று வருடம்

சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். வெளிறிய நிறத்தில், சின்ன பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் கிட்டைப் பிரித்தபோது இதை வைத்தா இத்தனை வேலையும் நடக்கப்போகிறது என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அது உயிருள்ள மனிதத் தோல், சரியாகச் சொன்னால் தோலின் மேலடுக்கு. பெயர் எபிடெர்ம், அமெரிக்காவின் மேட்டெக் நிறுவனம் தயாரிப்பது. மனிதத் தோல் செல்களை வளர்த்து, அடியில் ஊட்டத் திரவமும் மேலே காற்றும் படும்படி வைத்துவிட்டால், அவை நம் உடம்பில் வளர்வது போலவே அடுக்கடுக்காக எழும்பி, கடைசியில் மேலே செத்த செல்களாலான கெட்டியான படலம் வரைக்கும் தாமாகவே உருவாக்கிக்கொள்கின்றன.

மற்ற நிறுவனங்களுக்காகச் சோதனை செய்துகொடுக்கும் கான்ட்ராக்ட் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒரு பொருள் தோலில் பட்டால் எரிச்சல் தருமா தராதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் பிரிவின் வேலை. இந்தியாவில் அழகுசாதனப் பொருட்களுக்கு விலங்குச் சோதனை 2014-லேயே தடையாகிவிட்டது, ஆனால் தொழிற்சாலை ரசாயனங்களுக்கும் பூச்சிமருந்துகளுக்கும் அந்தத் தடை இல்லை, அதனால் எங்கள் கூடத்தில் முயல் கூண்டுகள் காலியாகவே இருந்ததில்லை. முயலின் முதுகில் முடியை மழித்து, அரை மில்லி மருந்தை (சோதிக்கும் பொருளை அப்படித்தான் சொல்வோம்) தடவி, நாலு மணி நேரம் கட்டுப்போட்டு வைப்போம். அப்புறம் 24, 48, 72 மணி நேரத்தில் சிவப்பையும் வீக்கத்தையும் கண்ணால் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போட வேண்டும். அமெரிக்காவில் ட்ரெய்ஸ் என்பவர் 1944-இல் வகுத்த முறை. ஒரே முதுகைப் பார்த்து நான் 1 என்பேன், பக்கத்தில் நிற்பவர் 2 என்பார். கட்டைப் பிரிக்கும்போது முயல் கையை முட்டிக்கொண்டு நடுங்குவதை ஆறு வருடம் பார்த்திருக்கிறேன். பழகிப்போகும் என்று சொன்னார்கள், எனக்குப் பழகவில்லை.

சரி, எபிடெர்முக்கு வருவோம். கிட் ஒன்றில் 24 டிஷ்யூ, அதாவது அந்தத் தோல் வட்டங்கள். பொருள் ஒன்றுக்கு மூன்று வீதம், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கன்ட்ரோல் இரண்டுக்கு (ஒன்று எரிச்சல் தராதது, ஒன்று தருவது) ஆறு போனால் மீதியில் ஆறு பொருட்களைப் பார்த்துவிடலாம். செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தால் எங்களுக்கு வசதி. அன்றிரவு முழுக்க இன்க்யுபேட்டரில் ஓய்வு, புதன்கிழமை 30 மைக்ரோலிட்டர் மருந்தை மேலே விட்டு 60 நிமிடம், பிறகு நன்றாகக் கழுவிப் புது மீடியத்தில், அதாவது ஊட்டத் திரவத்தில், 42 மணி நேரம். புதன் மூன்று மணிக்குக் கழுவி வைத்தால் வெள்ளி காலை ஒன்பது மணிக்கு எடுக்கலாம். அதற்குப் பிறகுதான் எம்.டி.டி என்ற மஞ்சள் கரைசலில் மூன்று மணி நேரம் வைப்பது. உயிரோடிருக்கும் செல்கள் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். தண்ணீர் போன்ற உப்புக் கரைசல் மட்டும் பட்ட டிஷ்யூ நாவற்பழ நிறத்துக்குக் கறுத்துவிடும். 5 சதவீத எஸ்.டி.எஸ் பட்டது, அதாவது ஷாம்பூவில் நுரைக்காகச் சேர்க்கிறார்களே அதே பொருள், வெளுத்துப்போய்க் கிடக்கும். அந்த நிறத்தை ஐசோபுரோப்பனாலில் கரைத்து நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ரீடர் கருவியில் 570 நானோமீட்டர் ஒளியில் படித்தால் எண் வந்துவிடும். உப்புக் கரைசல் கன்ட்ரோலோடு ஒப்பிட்டு உயிர்ப்பு சராசரி 50 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் எரிச்சலூட்டும் பொருள். என் கண், உங்கள் கண் என்ற பேச்சுக்கே இடமில்லை. பல நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி அமைப்பு 2010-இல் 439 என்ற வழிகாட்டியாக ஏற்றுக்கொண்டது இந்த வகைச் சோதனையைத்தான், அதில் எபிடெர்மும் உண்டு, லோரியால் வளர்த்தெடுத்த எபிஸ்கின்னும் உண்டு.

கை பழக நாளாகும், இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கிண்ணத்தை மீடியத்தில் இறக்கும்போது அடியில் ஒரு குமிழி மாட்டினால் போதும், அந்த டிஷ்யூவுக்குச் சாப்பாடு போகாது. கழுவுவதும் அப்படித்தான், மெதுவாக ஊற்றினால் மருந்து தங்கிவிடும், பீய்ச்சி அடித்தால் தோல் பிய்ந்துவிடும். எங்களுக்கு இரண்டு கிட் ஆயிற்று இது கைக்கு வர.

உயிருள்ள சரக்கு என்பதுதான் பெரிய தலைவலி. குளிர்ச்சியாகவே வந்து சேர வேண்டும், வந்த பிறகு அலமாரியில் வைத்துக் காத்திருக்க முடியாது. ஒருமுறை எங்கள் பெட்டி வழியில் எங்கோ இரண்டு நாள் மாட்டிக்கொண்டு, ஐஸ் பை எல்லாம் உருகி வெதுவெதுப்பாக வந்தது. உப்புக் கரைசல் கன்ட்ரோலுக்கு ரீடர் காட்டும் எண் 0.8-க்குக் குறையாமல் வந்தால்தான் சோதனை செல்லும், எங்களுக்கு அதில் பாதி கூட வரவில்லை. 24 டிஷ்யூவும் வீண், பணமும் வீண், வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதியும் போயிற்று. விலை அதிகம், ஒரு கிட் வீணானால் மாதக் கணக்கே இடிக்கும். இங்கேயே தரமான மாடல்கள் தயாராகி, விதிமுறைக் குழுக்களும் அவற்றை ஏற்றுக்கொண்டால்தான் சின்னக் கூடங்கள் முயலை விட்டு நகர முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூலிகைப் பொருட்கள் கொண்டுவருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில செடிச் சாறுகள் எம்.டி.டியைத் தாமே ஊதாவாக்கிவிடும், செத்த தோல் கூட உயிரோடிருப்பதாகக் கணக்கு வரும். முதலில் சாற்றையும் எம்.டி.டியையும் தனியாகக் கலந்து பாருங்கள். நிறம் மாறினால் உறையவைத்துக் கொன்ற டிஷ்யூவில் ஒரு ஓட்டம் ஓட்டி அந்த அளவைக் கழித்துவிட வேண்டும். நாங்கள் ஒரு சாற்றில் இதைச் செய்யாமல் விட்டு, அறிக்கை எழுதும் நேரத்தில்தான் கண்டுபிடித்தோம். அன்று வந்த பயம் இன்னும் போகவில்லை.

அப்புறம், இந்தத் தோலில் ரத்தக் குழாய் கிடையாது, நோய் எதிர்ப்புச் செல் கிடையாது, வியர்வைச் சுரப்பியும் முடியும் கிடையாது. அதனால் அலர்ஜி வருமா என்று இதனிடம் கேட்டால் பதில் வராது, அதற்கு வேறு சோதனைகள் இருக்கின்றன. பொருள் தோலை அரித்துப் புண்ணாக்குமா, வெறும் எரிச்சல்தானா என்று பிரிக்கவும் 431 என்ற இன்னொரு வழிகாட்டிப்படி தனியாகச் செய்ய வேண்டும், டிஷ்யூ அதே மாடல்தான். மருத்துவக் கருவிகளின் எரிச்சல் சோதனைக்கு 2021-இல் ஐ.எஸ்.ஓ 10993-23 என்ற சர்வதேசத் தரநிலை வந்த பிறகு, கதீட்டர், பேண்டேஜ் ஆகியவற்றை ஊறவைத்த சாற்றையும் இதில் போட்டுப் பார்க்கிறோம். அங்கே மருந்து தோலில் கிடக்கும் நேரம் ரொம்ப அதிகம், அதனால் ஆள் ஷிப்டை முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் முதல் கிட்டை வாடிக்கையாளர் வேலைக்கு எடுக்காதீர்கள். எஸ்.டி.எஸ்ஸும் உப்புக் கரைசலும் தெரிந்த நாலு ரசாயனங்களும் மட்டும் வைத்து முழு ஓட்டம் ஒன்று ஓட்டுங்கள், மூன்று டிஷ்யூவும் ஒன்றுக்கொன்று ஒட்டி வருகிறதா என்று பாருங்கள், 18 சதவீதத்துக்கு மேல் விலகினால் கழுவும் கையை மாற்றிப் பாருங்கள். பெட்டி வரும் வாரம் விடுமுறை இல்லாத வாரமாக இருக்கட்டும்.