பிடி அரிசிச் சோறு: சமையற்காரன் ஒருவனின் மதிப்பீடு

கொழும்பு வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளில் பதினோரு ஆண்டுகள் கரண்டி பிடித்தவன் நான். யார் வீட்டுக் குழம்பிலும் குறை கண்டுபிடிப்பவன் என்று பெற்ற தாயே சொல்வார். ஆகவே, இலவசச் சோறுதானே என்று விட்டுக்கொடுத்து எழுதமாட்டேன்.

இலங்கை மலையகத்து ஹட்டனில் பொகவந்தலாவை பஸ் ஏறி, நோர்வூட் தாண்டி இறங்கி, கொழுந்து மடுவத்தை (பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) ஒட்டிய பாதையில் இருபது நிமிடம் ஏறினால் மாரியம்மன் கோயில். அதன் பின்புறத்தில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது, தோட்டத்து மக்களே நடத்தும் அந்த இலவசச் சமையற்கட்டு. தேயிலைத் தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கோயில் கமிட்டியினர் கேட்டுக்கொண்டார்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாயானது. பிறகு அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மே மாதம் முதலாளி கடையை மூடினார். நான் துணிப்பையோடு லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, திரும்பினேன். கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு முழுப் பேர் (முழு நாள் கூலிக் கணக்கு) விழுந்தால் நாளுக்கு ஆயிரம் ரூபாய், அரைப் பேர் என்றால் அதில் பாதி. கோதுமை மா விலையோ மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது. ரொட்டி தின்றே வளர்ந்த எங்கள் லயத்தில், அடுப்பில் ரொட்டிக் கல் ஏறாத காலைகள் வந்தன. வெறுந்தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று செய்தியில் சொன்னார்கள். எங்களுக்கு அதை முன்பே வயிறு சொல்லியிருந்தது.

சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்படும் கோயில் பணம் திருவிழாவுக்கென்று சேர்ந்திருந்தது. அந்த ஆண்டு அம்மனுக்கு வாணவேடிக்கையும் மேளக் கச்சேரியும் வேண்டாம், பிள்ளைகள் பசித்திருக்கும்போது தாய்க்கு எதற்கு ஊர்வலம் என்று வயதான பெண்கள் சிலர் கமிட்டியில் சண்டை பிடித்தார்கள். அந்தப் பணத்தில் பருப்பும் எண்ணெயும் வந்தன. அரிசிக்குப் பழைய வழக்கம் ஒன்றைத் தூசி தட்டினார்கள்: உலை வைக்கும்போது சாமியை நினைத்து ஒரு பிடி அரிசியைத் தகர டின்னில் போடுவது. 140 குடும்பங்கள். பிடிக்கு ஐம்பது கிராம் என்று பார்த்தாலும் நாளைக்கு ஏழு கிலோ. உலை வைக்காத வீடு போட வேண்டியதில்லை. யார் போட்டார், யார் போடவில்லை என்று எழுதி வைக்கும் புத்தகமும் கிடையாது.

இனி சோற்றுக்கு வருகிறேன். முதல் வாரம் அது சோறே அல்ல. நாட்டரிசி, சம்பா, சிவப்புப் பச்சையரிசி, சில்லறைக் கடைக் குறுணல் எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்தால் என்ன ஆகும்? பாதி குழைந்து பசையாகும், பாதி பல்லில் கடிபடும். குறை சொல்லாமல் தின்றேன், பசி அப்படி. இரண்டாம் வாரம், பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) ஆயாவாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா பொறுப்பேற்றார். கோயில் வாசலில் இரண்டு சாக்கு: புழுங்கல் ஒன்றில், பச்சையரிசி மற்றதில். புழுங்கல் மதியச் சோற்றுக்கு, பச்சையரிசியும் குறுணலும் காலைக் கஞ்சிக்கு. பெரிய கடைகளில் வேலை செய்த எனக்கு இது தோன்றவில்லை.

பருப்பு அருமை. நாலாயிரம் அடிக்கு மேலே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் பருப்பு வேக நேரமெடுக்கும்; அவசரப்பட்டால் நடுவில் மாவாக நிற்கும். அக்கா அவசரப்படுவதில்லை. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளான மிலாறை அடுக்கி, தணலில் விட்டு, இறக்கும் முன் பூண்டும் செத்தல் மிளகாயும் தாளிக்கிறார். கோவா (முட்டைக்கோஸ்) சுண்டல் சுமார். கீரை நாளுக்கு நாள் மாறும். புதன்கிழமை மாதா கோயில் பெண்களின் முறை. அன்றைய சோயா மீட் கறிக்காக அம்மன் பக்தர்களும் நேரத்தோடு வந்துவிடுகிறார்கள்.

குறை உண்டு. உப்பு எப்போதும் ஒரு பிடி கூட. மழையில் வரிசையின் பின்பாதி நனைகிறது. அடுப்புக்கு மேலே வள்ளலார் படம் தொங்குகிறது; வடலூரில் 1867இல் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று அக்கா பெருமையாகச் சொல்வார். எங்கள் அடுப்பு மிலாறு நனைந்து இரண்டு முறை அணைந்தது. ஐந்துக்கு நான்கு தருவேன்.

பெயரை மறைப்பதன் காரணம் இதுதான். ஒரு முறை வெளியூரிலிருந்து அரிசி மூட்டைகளோடு சிலர் வந்தார்கள். பிள்ளைகளைத் தட்டோடு நிறுத்தி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். என் கூடப்பிறந்த அக்காவின் மகள் அதன் பிறகு ஒரு வாரம் சாப்பிட வரவில்லை. இப்போது யார் உதவினாலும் சாக்கை வாசலில் வைத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். கமராவுக்கு இடமில்லை.

நான்கு மாதம் அங்கே சாப்பிட்டேன். சும்மா தின்கிறேனே என்று ஒரு நாள் அம்மாவிடம் புலம்பியபோது, அவர் அடுப்படியிலிருந்த டின்னைக் காட்டினார். இரவுக்கு உலை வைத்த நாளெல்லாம் நம் வீட்டுப் பிடியும் போய்க்கொண்டுதான் இருந்ததாம். பிறகு கமிட்டி வட்டியில்லாமல் கொடுத்த 15,000 ரூபாயில் நோர்வூட்டில் ரொட்டி வண்டி போட்டேன். கடன் அடைந்துவிட்டது. நாள் சம்பளம் 2024இல் 1,350 ஆன பிறகு கூட்டம் குறைந்திருக்கிறது. இப்போது திங்கள், புதன், வெள்ளி மட்டும்தான். பெரும்பாலும் தனியாக இருக்கும் முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள். போகிறவர்கள் தட்டு கொண்டுபோங்கள், பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள்.

போன வெள்ளி உப்பைப் பற்றி அக்காவிடம் சொல்லியே விட்டேன். “அப்படியா தம்பி?” என்று அகப்பையை என் கையில் கொடுத்துவிட்டு மிலாறு எடுக்கப் போய்விட்டார். அன்று பருப்பில் உப்பு போதவில்லை என்று பந்தியில் மூன்று பேர் சொன்னார்கள்.