மினசோட்டா குளிருக்கு எந்தக் குட்டி மேப்பிள்?

ஆசைக்கு ஜப்பானிய மேப்பிள்தான். ஆனால் மினியாபொலிஸ் பக்கம் அதைத் தரையில் நட்டுவிட்டு வசந்தம் வரை நிம்மதியாகத் தூங்க முடியாது. நான் நட்ட 'பிளட்குட்' என்ற சிவப்பு இலை வகை முதல் குளிரிலேயே, பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த வரைக்கும் காய்ந்துபோனது. மே மாதம் அடியில் துளிர் விட்டதும் பிழைத்துவிட்டது என்று குதித்தேன். இலை விரிந்தால் பச்சை! ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே இருந்த வேர்க்கன்று தழைத்திருக்கிறது, வாங்கிய சிவப்பு மேப்பிள் போயே போச்சு.

சரி, மிச்சம் இரண்டு: அமுர் மேப்பிள், கொரிய மேப்பிள்.

அமுர் −40 டிகிரி செல்சியஸுக்கும் அசராது. 15 முதல் 20 அடியோடு நின்றுவிடும். கொஞ்சம் வறட்சியையும் தாங்கும். நல்ல வெயிலில் நின்றால் அக்டோபரில் பற்றி எரிகிற சிவப்பு. மண்ணில் காரத்தன்மை அதிகமானால் மட்டும் நரம்பு பச்சையாக இருக்க, இலை மஞ்சளாக வெளுக்கும். அது பரவாயில்லை. விதைதான் தலைவலி. கொத்துக் கொத்தாய் இறக்கை விதைகள் காற்றில் பறந்து, பக்கத்துத் தோப்பில் முளைத்து, அங்குள்ள செடிகளை அமுக்கிவிடும். இயற்கைப் பகுதிகளிலிருந்து 100 கஜமாவது தள்ளி நடுங்கள் என்ற எச்சரிக்கைச் சீட்டோடுதான் விற்க வேண்டும் என மினசோட்டா விதி போடும் அளவுக்குப் போனது விஷயம். என் வீட்டுக்குப் பின்னால் ஓடையும் மரங்களும் இருப்பதால் அமுரை நான் தொடவில்லை.

கொரிய மேப்பிள் சுமார் −34 வரை தாங்கும். இலை உள்ளங்கை அகலம், ஒன்பது பதினொரு விரல்களாகப் பிரிந்திருக்கும். அக்டோபரில் ஒரே இலையில் காம்புப் பக்கம் ஆரஞ்சும் நுனியில் சிவப்புமாகப் பார்த்திருக்கிறேன். அமுரின் சிவப்பு தெருமுனையிலிருந்தே தெரியும். இதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு இதுதான் பிடிக்கிறது. ஆனால் வளர்ச்சி மெதுவோ மெது, விலையும் கூடுதல். மதிய வெயில் சுள்ளென்று அடித்தால் இலை ஓரம் கருகும். ஜப்பானிய மேப்பிளோடு கலந்த 'நார்தர்ன் குளோ' போன்ற கலப்பினங்களும் கிடைக்கின்றன.

வீட்டின் கிழக்குப் பக்கம் நடுங்கள். வேர்ப்பகுதி மண்மேல் பரப்பும் மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது. அப்புறம், நவம்பருக்குள் அடித்தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டிவிடுங்கள். பனிக்காலத்தில் முயலுக்கு வேறு தீனி கிடையாது.